கேளுங்கள், சொல்கிறோம்: கல்லூரிக்குள் ஒரு பெண்ணிய ஆய்வு மையம்

பெண்ணிய ஆய்வையும் சமூகநீதிக்கான களப்பணியையும் சேர்த்துச் செய்யும் கல்லூரி மையங்கள் பற்றி வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளில் சிலவற்றுக்கு, இத்துறையில் பணியாற்றுவோர் பதில் தருகிறார்கள்.

எங்கள் கல்லூரியில் மகளிரியல் பாடம் ஏற்கெனவே இருக்கிறது. தனியாக ஆய்வு மையம் எதற்கு? பெயர்ப்பலகை ஒன்று கூடுவதைத் தவிர வேறென்ன நடக்கும்?
— கல்லூரி ஆசிரியர்

பெயர்ப்பலகையோடு நின்றுவிட்ட மையங்களும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் துறையின் வேலை வேறு, மையத்தின் வேலை வேறு. பாடத்திட்டம், தேர்வு, மதிப்பெண் என்று துறைக்கு ஓர் ஓட்டம் இருக்கிறது. அங்கே முதல் கேள்வி, மாணவி என்ன கற்க வேண்டும் என்பது. மையத்துக்குக் கேள்வி வெளியிலிருந்து வரும். வீட்டுப் பணியாளர் சங்கம் வந்து, "எங்கள் வேலை நேரத்தை எந்தக் கணக்கெடுப்பும் சரியாகப் பதிவு செய்வதில்லை, உங்களால் முடியுமா?" என்று கேட்கும். இதற்குப் பாடவேளையில் இடமில்லை.

நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் 1971-இல் தொடங்கிய மகளிர் மையம் இதற்கு நல்ல முன்மாதிரி. 1974 முதல் அது நடத்திவரும் ஆண்டுக் கருத்தரங்கின் பெயரே ‘அறிஞரும் பெண்ணியவாதியும்’ என்பதுதான். இரண்டையும் இணைத்த அந்த ‘உம்’ தான் மையத்தின் வேலை. அதே 1974-இல் மும்பையின் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்திலும் மகளிரியல் ஆய்வுக்கென ஒரு பிரிவு உருவானது.

அமைப்பில் கவனிக்க வேண்டியது ஒன்று. மையத்தை ஏதாவது ஒரு துறையின் கீழ் வைத்தால், அந்தத் துறைத்தலைவர் மாறும்போது மையத்தின் போக்கும் மாறிவிடும். கல்லூரி முதல்வருக்கு நேரடியாகப் பொறுப்பு, தனிக் கணக்குத் தலைப்பு, மூன்றாண்டுக்கு ஒருமுறை மாறும் இயக்குநர்: இந்த மூன்றையும் தொடக்க ஆணையிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.

கையில் ஒரு அறையும் ஒரு கணினியும்தான் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?
— உதவிப் பேராசிரியர்

அதற்கு மேல் வேண்டியது ஒரு ஆலோசனைக் குழு. எட்டுப் பேர் போதும், அதில் நான்கு பேர் கல்லூரிக்கு வெளியிலிருந்து வர வேண்டும்: சங்கத்தில் வேலை செய்பவர், சட்ட உதவி செய்பவர், மாற்றுத்திறனாளிகள் அமைப்பைச் சேர்ந்தவர், இப்படி. வெளியாள் ஒருவர் மட்டும் என்றால் அவர் விருந்தாளியாகவே உட்கார்ந்திருப்பார். நான்கு பேர் என்றால் பேச்சின் திசையே மாறும். கூட்டத்தை அவர்களுடைய வேலை நேரத்தைப் பார்த்து வையுங்கள். காலை 11 மணிக்கு வை என்று கல்லூரி அட்டவணை சொல்லும், ஆனால் கூலி வேலைக்குப் போகிறவர் அந்த நேரத்தில் வர முடியாது.

முதல் ஆண்டில் ஒரே ஒரு ஆய்வுத் திட்டம், 12 மாதத்தில் முடிவதாக. ஐந்து திட்டங்களை அறிவித்துவிட்டு ஒன்றையும் முடிக்காமல் விடுவதுதான் புதிய மையங்களின் வழக்கமான நோய். மாணவிகளை நம்பித் திட்டம் போடும்போது தேர்வு மாதங்களையும் விடுமுறையையும் கழித்துவிட்டால் ஆண்டுக்கு ஏழு மாதம்கூட மிஞ்சாது. மாணவி படிப்பு முடித்துப் போகும்போது அவர் செய்த வேலையும் கூடவே போய்விடாமல் இருக்க, ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு கையளிப்புக் குறிப்பு வேண்டும்: எந்தக் கோப்பு எங்கே, யாரிடம் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம், அடுத்து யாரைக் கூப்பிட வேண்டும். இரண்டு பக்கம் போதும்.

எங்கள் சங்கத்துக்கு ஆண்டுதோறும் யாராவது ஒரு ஆய்வு மாணவர் வருகிறார். மணிக்கணக்கில் பேட்டி எடுக்கிறார், போய்விடுகிறார். ஆய்வேடு வந்ததா என்றுகூடத் தெரிவதில்லை. இனி ஒரு மையத்தோடு சேர்ந்து வேலை செய்வதென்றால் முன்கூட்டியே என்ன பேசிக்கொள்ள வேண்டும்?
— தொழிற்சங்க ஊழியர்

உங்கள் கோபம் நியாயமானது. இந்தப் பகுதியில் மிக முக்கியமான கேள்வியும் இதுதான். பேச்சோடு விடாதீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். நான்கு பக்கத்துக்கு மிகாத புரிந்துணர்வு ஒப்பந்தம், இரு தரப்பும் பேசும் மொழியில், முதல் பேட்டிக்கு முன்பே கையெழுத்தாக வேண்டும். தரவு சேர்ந்த பிறகு ஒப்பந்தம் பேசினால் பேரம் பேச உங்கள் கையில் எதுவும் இருக்காது.

அதில் முதலில் வர வேண்டியது ஆய்வுக் கேள்வி யாருடையது என்பது. மையம் தயாரித்து வந்த கேள்விநிரலை "பார்த்துச் சொல்லுங்கள்" என்று நீட்டினால் அது கூட்டு ஆய்வு ஆகாது. ஆய்வுக் கேள்வியையே இரு தரப்பும் உட்கார்ந்து எழுத வேண்டும். அடுத்தது தரவு. மூல ஒலிப்பதிவு எங்கே இருக்கும், யார் திறக்கலாம், எத்தனை மாதத்தில் அழிக்கப்படும், பெயர் நீக்கிய தரவின் படி சங்கத்துக்கு எப்போது வரும் என்று தேதியோடு எழுதுங்கள். "ஆய்வு முடிந்ததும்" என்று எழுதினால் அது ஒருநாளும் முடியாது.

பிறகு வெளியீடு. அச்சுக்கு முன் வரைவைச் சங்கம் படிக்க 30 நாள் கொடுக்கலாம். அந்தக் காலத்தில் தவறான தகவலைத் திருத்தச் சொல்லலாம், உறுப்பினரை அடையாளம் காட்டும் வரியை நீக்கச் சொல்லலாம், மாற்றுக் கருத்து இருந்தால் ஒரு பக்கத்தில் எழுதிச் சேர்க்கச் சொல்லலாம். ஆனால் பிடிக்காத முடிவை வெளியிடாதே என்று தடுக்கும் உரிமை சங்கத்துக்கு இருக்கக் கூடாது. சங்கத்தின் பக்கம் நிற்பவர்களாகவே இதைச் சொல்கிறோம். அந்த உரிமை இருக்கிறது என்று தெரிந்த நாளிலேயே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உங்கள் அறிக்கையைக் குப்பையில் போட்டுவிடுவார்.

ஆசிரியர் பெயர்களில் யார் பெயர் வரும் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். கேள்வி வடிவமைப்பிலும் தரவைப் படித்துப் பொருள் சொல்வதிலும் பங்கெடுத்த உறுப்பினருக்கு நன்றியுரையில் ஒரு வரி போதாது, அட்டையில் பெயர் வர வேண்டும்.

இதெல்லாம் நடக்கக்கூடியதா என்று கேட்பீர்கள். நியூயார்க்கில் வீட்டுப் பணியாளர் அமைப்பு 2006-இல் வெளியிட்ட ஆய்வில் 500-க்கும் மேற்பட்ட பணியாளர்களிடம் தகவல் திரட்டப்பட்டது. கேள்வி கேட்கும் பணியில் பணியாளர்களே இருந்தார்கள். ஆண்டுக்கணக்கான போராட்டத்துக்குப் பின், 2010 ஆகஸ்ட் 31 அன்று அந்த மாநிலத்தில் வீட்டுப் பணியாளர் உரிமைச் சட்டம் கையெழுத்தானது. கூடுதல் நேர ஊதியம், வாரம் ஒருநாள் ஓய்வு, ஓராண்டு பணிக்குப் பின் ஆண்டுக்கு மூன்று நாள் சம்பளத்தோடு விடுப்பு ஆகியவை அதில் வந்தன. பர்னார்ட் மையமும் வீட்டுப் பணியாளர் அமைப்புகளோடு சேர்ந்து வீட்டு வேலையின் மதிப்புப் பற்றி அறிக்கை வெளியிட்டது. சட்டத்தைக் கொண்டுவந்தது அறிக்கை அல்ல, அமைப்பாகத் திரண்டவர்கள். "எத்தனை பேருக்கு இப்படி?" என்று கேட்கப்பட்டபோது நீட்டுவதற்கு அவர்கள் கையில் ஒரு தாள் இருந்தது, அவ்வளவுதான்.

வீட்டு வேலையும் பராமரிப்பு வேலையும் எத்தனை மணி நேரம் என்று கணக்கெடுக்கப் போகிறோம். "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டால் போதாதா?
— முதுகலை மாணவி

போதாது. அந்தக் கேள்விக்கு வரும் பதில் எப்போதும் குறைவாகவே இருக்கும். குழந்தை தூங்கும்போது விழித்துக் காத்திருப்பது, அடுப்பில் வைத்துவிட்டு வீடு கூட்டுவது, முதியவர் கூப்பிட்டால் ஓடத் தயாராக இருப்பது இதையெல்லாம் பெரும்பாலோர் ‘வேலை’ என்றே எண்ணுவதில்லை. அதோடு ‘வழக்கமாக’ என்று கேட்டால் மனம் ஒரு சராசரியைக் கற்பனை செய்து சொல்லும்.

நேற்றைய நாளைக் கேளுங்கள். விழித்ததிலிருந்து தொடங்கி அரைமணி நேரக் கட்டங்களாக, 24 மணி நேரத்துக்கு 48 கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று பத்தி (நெடுவரிசை): முக்கியமாக என்ன செய்தார், அதே நேரத்தில் வேறென்ன செய்தார், யார் கூட இருந்தார்கள். இரண்டாவது பத்தியை விட்டுவிட்டால் குழந்தை பராமரிப்பில் பெரும்பகுதி கணக்கிலிருந்தே காணாமல் போகும். ‘காத்திருப்பு’ என்று தனிக் குறியீடு வையுங்கள். ஒருவருக்கு 25 முதல் 40 நிமிடம் ஆகும். வார நாளும் விடுமுறை நாளும் கலந்து வர வேண்டும். எல்லோரிடமும் திங்கட்கிழமை போய்க் கேட்டால் எல்லோருடைய ஞாயிற்றுக்கிழமையும்தான் உங்களுக்குக் கிடைக்கும்.

முதலில் 10 முதல் 15 பேரிடம் சோதித்துப் பாருங்கள். அந்தச் சோதனையில் எந்தச் சொல் புரியவில்லை, எந்தக் கேள்வியில் பதிலளிப்பவர் கேட்பவரின் முகத்தைப் பார்க்கிறார் என்பதைக் குறித்து, அங்கே கேள்வியை மாற்றுங்கள்.

மாதிரியின் அளவு பற்றி ஒரு எச்சரிக்கை. குலுக்கல் முறையில் எடுத்த மாதிரிக்கு, 95 விழுக்காடு நம்பிக்கையளவில், பிழை எல்லை (மாதிரியின் விடை உண்மை அளவிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பது) ஐந்து புள்ளி வேண்டுமானால் சுமார் 385 பேர் தேவை. பத்துப் புள்ளி போதுமென்றால் சுமார் 96 பேர். ஆனால் வீட்டுப் பணியாளர்களின் முழுப் பட்டியல் எங்குமே இல்லாததால், ஒருவர் சொல்லி இன்னொருவரைத் தேடிப் போகும் சங்கிலி மாதிரியைத்தான் பெரும்பாலும் எடுக்க முடியும். அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 600 பேரைப் பார்த்தாலும் பிழை எல்லை எழுதக் கூடாது. "நாங்கள் சந்தித்த 600 பேரில் இத்தனை பேர்" என்று எழுதுங்கள். சங்கிலி ஒரே வட்டத்துக்குள் சுற்றாமலிருக்க, வெவ்வேறு மொழி, வேலை வகை, குடியிருப்பு என்று எட்டுப் பத்து இடங்களிலிருந்து தொடங்கி, ஒருவர் மூன்று பேருக்கு மேல் அறிமுகப்படுத்தாதபடி வரம்பு வையுங்கள்.

வன்முறைக்கு ஆளான பெண்களிடம் பேட்டி எடுக்கும்போது ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினால் போதும் என்று நெறிமுறைக் குழு சொல்கிறது. போதுமா?
— ஆய்வு மாணவி

படிவம் கல்லூரியைக் காப்பாற்றும். பெண்ணைக் காப்பாற்றுமா என்பது வேறு கேள்வி. அவர் பையில் கிடக்கும் அந்தத் தாளையே வீட்டில் யாராவது படித்துவிட்டால்? தலைப்பில் ‘வன்முறை’ என்ற சொல் இருக்கக் கூடாது. ‘பெண்கள் உடல்நலமும் வாழ்க்கையும்’ என்பது போன்ற பெயர் பாதுகாப்பானது, ஆனால் பெண்ணிடம் தனியாக ஆய்வின் உண்மையான பொருளைச் சொல்லிவிட வேண்டும். வாய்மொழி ஒப்புதலை ஒலிப்பதிவில் வாங்கிக்கொள்ளலாம், அல்லது பேட்டி எடுப்பவர் தேதியிட்டுக் கையெழுத்திடலாம். இதை அனுமதிக்கும்படி நெறிமுறைக் குழுவிடம் காரணத்தோடு எழுதிக் கேளுங்கள். இவ்வகை ஆய்வுக்கென உலக சுகாதார நிறுவனம் 2001-இலேயே பாதுகாப்பு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே வன்முறை பற்றிக் கேட்பது போன்ற நடைமுறைகள் அப்படி வந்தவைதான். உங்கள் விண்ணப்பத்தோடு அதை இணையுங்கள்.

பேட்டியின் நடுவில் யாராவது உள்ளே வந்தால் பேச மாற்றுப் பேச்சு ஒன்று தயாராக இருக்கட்டும். சமையல் எரிபொருள், குழந்தையின் தடுப்பூசி எதுவாக இருந்தாலும் சரி, இருவரும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். உதவி மையங்களின் பட்டியலைக் கையடக்கமாக, வேறு பத்துப் பொது எண்களோடு கலந்து அச்சிடுங்கள். அந்த எண்கள் இப்போது வேலை செய்கின்றனவா என்று களத்துக்குப் போகும் வாரத்தில் நீங்களே அழைத்துப் பாருங்கள். பட்டியலில் இருக்கும் பாதி எண்கள் உயிரோடு இருக்காது.

பெயரை மாற்றினால் அடையாளம் மறையும் என்று நினைப்பது அடுத்த தவறு. ‘மூன்று பெண்குழந்தைகள், கணவர் ஓட்டுநர், இரட்டையரில் ஒருவர்’ என்று எழுதினால் ஊரில் எல்லோருக்கும் ஆளைத் தெரிந்துவிடும். தேவையற்ற விவரங்களை மாற்றுங்கள் அல்லது நீக்குங்கள். அட்டவணையில் ஐந்து பேருக்குக் குறைவான கட்டங்களைப் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடுங்கள். பெயரையும் குறியீட்டு எண்ணையும் இணைக்கும் பட்டியல் தனிக் கோப்பாக, கடவுச்சொல்லோடு, தரவு இருக்கும் கணினியில் அல்லாமல் வேறிடத்தில் இருக்க வேண்டும். கைப்பேசியில் பதிவு செய்தால் அது தானாகவே மேகக்கணிமைக்கு ஏறுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஏறும், நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

எழுத்தாக்கத்துக்கு நேரம் ஒதுக்க எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரப் பதிவை எழுத நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். ஒன்றேகால் மணி நேரப் பேட்டிகள் 30 எடுத்தால் எழுத மட்டும் 190 மணி நேரம் போல வரும். இந்தக் கதைகளைக் காதில் மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்கும் மாணவியின் மனநிலையையும் நினைத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள், வாரம் ஒருமுறை அவரோடு பேச மூத்தவர் ஒருவரை வையுங்கள். தானியங்கி எழுத்தாக்கச் செயலி வேலையைக் குறைக்கும்தான். ஆனால் அந்த ஒலி யாருடைய கணினிக்குப் போகிறது என்று தெரியாமல் இவ்வகைப் பேட்டியை அதில் ஏற்றுவது, கொடுத்த வாக்கை மீறுவது.

பேட்டி கொடுப்பவர்களுக்குப் பணம் கொடுத்தால் ஆய்வு கெட்டுப்போகாதா?
— வாசகர்

பேராசிரியருக்குச் சம்பளம் கொடுப்பதால் கெடாத ஆய்வு இதனால் மட்டும் கெடாது. அவர்கள் இழக்கும் வேலை நேரத்துக்கும் போக்குவரத்துக்கும் ஈடாக ஒரே அளவுத் தொகையை, பேட்டி தொடங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். பாதியில் எழுந்து போனாலும் திரும்பக் கேட்கக் கூடாது.

உண்மையான சிக்கல் கணக்குப் பிரிவில் இருக்கிறது. பெயர், முகவரி, கையெழுத்தோடு பட்டியல் கொடுத்தால்தான் பணம் விடுவிப்போம் என்பார்கள். அப்படிக் கொடுத்தால் நீங்கள் மறைத்து வைத்த அத்தனை அடையாளமும் அலுவலகக் கோப்பில் திறந்து கிடக்கும். பணம் கேட்பதற்கு இரண்டு மாதம் முன்பே பேசி, குறியீட்டு எண்ணும் பேட்டியாளரின் சான்றும் உள்ள ரசீதுக்கு ஒப்புதல் வாங்கி வையுங்கள். அதற்கு வழியில்லையென்றால் கூட்டாளி அமைப்பின் மூலம் தொகையை வழங்கலாம்.

ஒரு பக்கம் சார்ந்து நிற்கும் மையத்தின் ஆய்வை யார் நம்புவார்கள்? நடுநிலை வேண்டாமா?
— ஓய்வுபெற்ற அலுவலர்

எங்கும் நிற்காமல் எதையும் பார்க்க முடியாது என்பது பெண்ணியச் சிந்தனையின் பழைய வாதம். அமெரிக்கப் பெண்ணியச் சிந்தனையாளர் டோனா ஹாரவே 1988-இல் இதைத்தான் ‘நிலைசார்ந்த அறிவு’ என்று எழுதினார். நிற்கும் இடத்தைச் சொல்லிவிட்டுப் பார்ப்பவர், மேலிருந்து எல்லாவற்றையும் பார்ப்பதாகச் சொல்பவரைவிட நம்பத்தகுந்தவர். அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் குறுக்குவெட்டு என்ற கருத்தை முன்வைத்ததும் ஒரு சட்டச் சிக்கலிலிருந்துதான். கறுப்பினப் பெண்களின் வழக்குகளை நீதிமன்றங்கள் ‘பெண்’ என்ற பெட்டியிலோ ‘கறுப்பினம்’ என்ற பெட்டியிலோ மட்டும் போட்டுப் பார்த்ததால், இரண்டும் சேர்ந்த இடத்தில் நடந்த அநீதி கண்ணில் படாமலே போனது. நடுநிலை என்று சொல்லிக்கொண்ட பெட்டிகள்தாம் அவை.

ஆனால் நீங்கள் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. சார்பு வேறு, சாய்த்துக் காட்டுவது வேறு. களத்துக்குப் போகும் முன்பே எதிர்பார்ப்பை எழுதித் தேதியிட்டு வைப்பது, எதிர்பார்ப்புக்கு மாறாக வந்த பேட்டிகளைத் தேடித் தேடிப் படிப்பது, தரவைக் குறியிட (பேட்டியின் பகுதிகளுக்குப் பொருள்வாரியாகக் குறியீடு கொடுக்க) இருவரைத் தனித்தனியாக உட்கார வைத்து ஒப்பிடுவது: இதையெல்லாம் செய்யாத மையத்தை நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

ஆண்கள் இத்தகைய மையத்தில் வேலை செய்யலாமா?
— இளங்கலை மாணவர்

செய்யலாம். யார் யாரிடம் பேட்டி எடுப்பது என்பதைப் பேட்டி கொடுப்பவர் முடிவு செய்வார். தரவு, ஆவணம், நூலகத் தேடல் என்று வேலை நிறைய இருக்கிறது. கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்குவதும் அதில் சேரும்.

கருத்தரங்கில் சர்ச்சைக்குரிய தலைப்பை எடுத்தால் நிர்வாகம் தடுக்கும் என்று பயமாக இருக்கிறது.
— மைய ஒருங்கிணைப்பாளர்

காரணமில்லாத பயம் அல்ல. பர்னார்டில் 1982 ஏப்ரல் 24 அன்று பாலியல்பின் அரசியல் குறித்துக் கருத்தரங்கு நடந்தது. அதற்கான திட்டமிடல் கூட்டங்களின் குறிப்புகளைத் தொகுத்து 72 பக்கக் கையேடாக 1,500 படிகள் அச்சிட்டிருந்தார்கள். எதிர்ப்புத் தெரிவித்து அழைப்புகள் வந்ததும், கருத்தரங்கு தொடங்கும் முன்பே கல்லூரி நிர்வாகம் அத்தனை படிகளையும் கைப்பற்றியது. பின்னர் கல்லூரியின் பெயர் இல்லாமல் மறுஅச்சு வந்தது. அதோடு நிதி தந்துவந்த அறக்கட்டளையும் விலகிக்கொண்டது. எதிர்ப்பில் பெண்ணியவாதிகளும் இருந்தார்கள் என்பது இதில் கசப்பான பகுதி. அங்கே வாசிக்கப்பட்ட கட்டுரைகள் 1984-இல் நூலாக வந்து, இன்று வகுப்பறைகளில் படிக்கப்படுகின்றன.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை: வெளியீட்டில் ‘இதிலுள்ள கருத்துகள் எழுதியவர்களுடையவை’ என்ற வரியும், வெளியிடும் உரிமை மையத்துக்கே என்ற நிர்வாகக் கடிதமும் முன்கூட்டியே வேண்டும். அச்சான படிகளை ஒரே இடத்தில் அடுக்காதீர்கள். எந்த ஒரு நிதியாளரின் பங்கும் ஆண்டுச் செலவில் மூன்றில் ஒன்றைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் விலகினால் மையம் தள்ளாடலாம், விழக் கூடாது.

கருத்தரங்கு என்றதும் இன்னொன்று. களப்பணியாளரைக் கடைசி அமர்வில் ‘அனுபவப் பகிர்வு’ என்று ஐந்து நிமிடம் பேசவிட்டு, முன்னால் மூன்று பேராசிரியருக்கு அரைமணி நேரம் கொடுக்கும் வழக்கத்தை விடுங்கள். எல்லோருக்கும் 12 நிமிடம், முதல் அமர்வில் கலந்து. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தனி அறையும் ஆளும் இருப்பதை அழைப்பிதழிலேயே அச்சிட வேண்டும். அன்று காலையில் அறிவித்தால், வர முடியாதவர்கள் ஏற்கெனவே வராமல் இருந்திருப்பார்கள். சைகைமொழி பெயர்ப்பாளர்கள் இரண்டு பேர் வேண்டும். சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளாவிட்டால் சோர்வில் பிழை வரும். பேச்சின் வரைவை அவர்களுக்கு முன்பே அனுப்புங்கள்.

பழைய பெண்கள் அமைப்பு ஒன்று தன் துண்டறிக்கைகள், சுவரொட்டிகள், கூட்டக் குறிப்புகள் எல்லாவற்றையும் ஆறு அட்டைப் பெட்டிகளில் எங்களிடம் தந்திருக்கிறது. என்ன செய்வது?
— கல்லூரி நூலகர்

முதலில் எதையும் வகைப்படுத்திக் கலைக்காதீர்கள். எந்தத் தாளுக்குப் பக்கத்தில் எந்தத் தாள் இருந்தது என்பதும் ஒரு தகவல். பெட்டியைத் திறந்த நிலையில் படம் எடுத்து, பெட்டி எண், அடுக்கு எண் எழுதிக்கொள்ளுங்கள். பூச்சியோ பூஞ்சையோ தெரிந்தால் அந்தப் பெட்டியை மற்றவற்றோடு வைக்கக் கூடாது.

குண்டூசி, கம்பிப்பின், ரப்பர் வளையம், ஒட்டுநாடா ஆகியவைதாம் தாளின் எதிரிகள். முதல் மூன்றை மெதுவாக எடுத்துவிடலாம். ஒட்டுநாடாவைப் பிய்க்காதீர்கள், எழுத்தும் கூடவே வரும். செய்தித்தாள் நறுக்குகளில் அமிலம் அதிகம், பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கும். அவற்றைப் படியெடுத்துவிட்டு மூலத்தைத் தனி உறையில் போடுங்கள். அமிலமற்ற கோப்புறைகள், 35 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம், 21 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் வெப்பநிலை நல்லது. அதைவிட முக்கியம், ஏற்ற இறக்கம் இல்லாமல் இருப்பது. பகலில் குளிரூட்டி இரவில் நிறுத்தும் அறையைவிடச் சீரான சாதாரண அறையே மேல்.

வருடுவதற்கு எழுத்துத் தாள்கள் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி), ஒளிப்படங்கள் 600. காப்புப் படி டிஃப் (TIFF) என்ற படக்கோப்பு வடிவத்தில், பார்வைக்கான படி பிடிஎஃப்-இல். இணையத்தில் ஏற்றும் முன் நிறுத்துங்கள். கூட்டக் குறிப்பில் உதவி தேடி வந்த பெண்களின் பெயர்கள் இருக்கும். அவர்கள் ஆவணக்காப்பகத்துக்கு ஒப்புதல் தரவில்லை. கொடையாளி அமைப்போடு போடும் ஒப்பந்தத்தில் எவை உடனே திறந்தவை, எவை 30 அல்லது 50 ஆண்டு மூடியவை என்று பெட்டிவாரியாக எழுதுங்கள்.

அமைப்பின் மூத்த உறுப்பினர்கள் இருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒவ்வொரு சுவரொட்டியையும் காட்டி, யார் வரைந்தது, எத்தனை அச்சடித்தது, எந்தச் சுவரில் ஒட்டியது என்று கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். பட்டியல் வேலையை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். இதை இந்த மாதமே செய்யுங்கள்.